வயோலாவில் ‘எஸ்த்ரெயீத்தா’: முதன்முறை வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்து ஒலிக்கும் வயோலாவைக் கற்கத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகள் ஆனவர்கள், பயிற்சி நூல்களைத் தாண்டி ஒரு முழு உருப்படியைப் பியானோவோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் ‘எஸ்த்ரெயீத்தா’ (சின்ன நட்சத்திரம்). மெக்சிகோவின் மனுவேல் மரியா போன்ஸே 1912இல் எழுதியது. வாசித்து முடிக்க ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். விரல்களை ஓடவைக்கும் வேகம் இதில் இல்லை. ஆனால் வில்லில் மூச்சு இல்லாவிட்டால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் புதியவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்கிறேன். வேகமான உருப்படியில் மறைந்துகொள்ளும் குறைகள் இங்கே வெளிச்சத்துக்கு வரும். வந்தால்தான் திருத்த முடியும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இது குரலுக்கும் பியானோவுக்கும் எழுதப்பட்ட பாட்டு. வயோலாவுக்கு வந்தது பிறகுதான். வில்லை எங்கே திருப்புவது, எங்கே எடை கொடுப்பது, பியானோ எங்கே காத்திருப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை பாட்டின் சொற்களில் இருக்கிறது.

முதலில் பாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

போன்ஸே 1882 டிசம்பர் 8 அன்று ஸக்கத்தேக்காஸ் மாநிலத்தின் ஃப்ரெஸ்நில்யோவில் பிறந்தார். வளர்ந்தது அகுவாஸ்காலியெந்தெஸ் நகரில். இத்தாலியின் பொலோன்யாவிலும் பெர்லினிலும் படித்துவிட்டு நாடு திரும்பினார். ‘எஸ்த்ரெயீத்தா’ எழுதிய 1912, மெக்சிகோ புரட்சியின் கொந்தளிப்பில் இருந்த காலம். ஐரோப்பிய மெட்டுகளையே உயர்வாக நினைத்த வரவேற்பறைகளுக்கு, மெக்சிகோ மக்கள் பாடும் ‘கான்ஸியோன்’ வகைப் பாட்டுக்கும் அந்த மரியாதை உண்டு என்று காட்ட அவர் முனைந்தார். 1913இல் மெக்சிகோப் பாட்டைப் பற்றி ஓர் உரையே நிகழ்த்தினார். கான்ஸியோன் மரபில் இத்தாலிய ஓபராவின் சாயல் ஆழமாக உண்டு: நீண்ட சொற்றொடர், அறுபடாத குரல், உச்சியில் ஒரு கணம் நிற்பது. வயோலாவில் நீங்கள் கொண்டுவர வேண்டிய குணங்களும் இவையே.

சொற்களையும் போன்ஸேவே எழுதினார். தொலைவானத்துச் சின்ன நட்சத்திரத்தைப் பார்த்து ஒருவர் பேசுகிறார்: என் வலியை நீ பார்க்கிறாய், என் துயரம் உனக்குத் தெரியும், இறங்கி வா, நான் நேசிப்பவரின் மனத்தில் எனக்குக் கொஞ்சமாவது இடம் உண்டா என்று சொல், அந்த அன்பு இல்லாமல் இனி என்னால் வாழ முடியாது. நடுப்பகுதியில் அந்த நட்சத்திரமே காதலுக்குக் கலங்கரை விளக்கமாகிறது. பிறகு ‘இறங்கி வா’ என்ற வேண்டுதல் திரும்ப வருகிறது. அவ்வளவுதான் பாட்டு. நேரடியான, வெட்கமில்லாத ஏக்கம். இதை அடக்கமாக, நாகரிகமாக வாசித்தால் உயிர் போய்விடும்.

வயோலாவை எடுப்பதற்கு முன், மெக்சிகோப் பாடகர்கள் பாடிய பதிவுகளைத் தேடி இரண்டு மூன்று கேளுங்கள். வயலின் கலைஞர் யாஷா ஹைஃபெட்ஸ் தன் கருவிக்கு அமைத்த வடிவம்தான் உலகம் முழுக்கப் பரவியது. தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். அதைக் கடைசியில் கேளுங்கள். மிக அழகான வாசிப்பு. ஆனால் அதையே முதலில் கேட்டால் அவருடைய சறுக்கல்களும் நெளிவுகளும் காதில் ஒட்டிக்கொள்ளும். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது தெரியாமலே போய்விடும்.

பிரதி

போன்ஸே 1948 ஏப்ரலில் காலமானார். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள், இலங்கையில் 70 ஆண்டுகள். இரண்டும் கடந்துவிட்டதால், குரலுக்கும் பியானோவுக்குமான மூலப் பிரதியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிறர் செய்த வயலின், வயோலா வடிவங்கள் அப்படியல்ல. வடிவமைத்தவரின் உரிமை தனி. ஹைஃபெட்ஸ் 1987 வரை வாழ்ந்தவர். அவருடைய வடிவம் வேண்டுமானால் விலை கொடுத்து வாங்குங்கள். பதிப்புரிமையை உரிய முறையில் காத்துக்கொள்ளாததால், இவ்வளவு பேர் பாடிய பாட்டிலிருந்து போன்ஸேவுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பது நல்லது.

தொடங்குபவருக்கு நான் சொல்வது, பாடகருக்கான மூலப் பிரதியிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான். பாட்டு ட்ரெபிள் கிளெஃப்பில் இருக்கும் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறிதான் கிளெஃப்). வயோலாவுக்கு ஆல்டோ கிளெஃப். அதில் நடுக்கோடுதான் நடு ஸி. ஒரு மாலை உட்கார்ந்து கையால் பெயர்த்து எழுதினால், மெட்டு பாதி மனப்பாடமாகிவிடும்.

சுருதியைப் பொறுத்தவரை எஃப் மேஜரைத் தேர்ந்தெடுங்கள். வயோலாவின் நான்கு தந்திகள் ஸி, ஜி, டி, ஏ. நான்குமே எஃப் மேஜருக்குள் இருக்கும் ஸ்வரங்கள். இந்த ஸ்வரங்களை விரலால் சரியாகப் பிடித்தால், தொடாமல் இருக்கும் தந்தியும் தானே அதிர்ந்து துணைக்கு வரும். ஒலி அகலமாகும்; சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதும் உடனே தெரியும். ஆறு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி) போட்ட பதிப்பு கையில் கிடைத்தால் அதை ஒதுக்கி வையுங்கள். அந்தச் சுருதியில் ஒரு தந்தியும் துணைக்கு வராது.

எந்த எட்டில் (ஸ்தாயியில்) வாசிப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பாடகருக்கு எழுதிய இடத்திலேயே வாசித்தால் ஏ தந்தியின் மேல்பகுதிக்குப் போக வேண்டியிருக்கும். ஓர் எட்டு கீழே இறக்கினால் வயோலாவின் சொந்தக் குரல் கிடைக்கும். கை முதல் நிலையை விட்டு அதிகம் நகரவும் வேண்டாம். முதன்முறை கற்பவர் முழுப் பாட்டையும் கீழ் எட்டிலேயே வாசிக்கலாம். கொஞ்சம் பழகியவர்கள் ‘இறங்கி வா’ திரும்ப வரும் இடத்தில் மட்டும் மேல் எட்டுக்குப் போனால், அதே வரி வேறொருவர் கேட்பது போல ஒலிக்கும்.

கருவியும் சுருதியும்

வயோலா வயலினைவிட ஐந்து ஸ்வரம் கீழே ஒலிக்கிறது. அந்தக் கணக்குப்படி உடலும் ஒன்றரை மடங்கு பெரிதாக, 53 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. எனவே 39 முதல் 43 செ.மீ. வரை செய்கிறார்கள். தன் ஸ்வரத்துக்குச் சிறிய உடல் என்பதால்தான் வயோலாவுக்கு அந்தக் கம்மிய, மூக்கொலி கலந்த குரல். இந்தப் பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான குரல் எனக்குத் தெரியவில்லை.

பியானோவோடு வாசிப்பவர்கள் சுருதி சேர்க்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. ஏ தந்தியைப் பியானோவிலிருந்து எடுத்து, மற்றவற்றைச் சுத்தமான ச–ப உறவில் சேர்த்துக்கொண்டே கீழே வந்தால், ஸி தந்தி பியானோவின் ஸியைவிட ஏறத்தாழ 6 சென்ட் தாழ்ந்து நிற்கும். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. கேட்பதற்குச் சிறிய வித்தியாசம்தான், ஆனால் நீண்ட கீழ் ஸ்வரத்தில் பியானோவின் பாஸோடு (அடி ஸ்வரங்களோடு) உரசும். ஆகவே ஸி தந்தியையும் பியானோவில் தட்டிச் சரிபாருங்கள்.

கர்நாடக வயலினிலிருந்து வருபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் காது அந்தர காந்தாரத்தைப் பியானோவைவிட 14 சென்ட் தாழ்வாகத்தான் சுத்தம் என்று ஒப்புக்கொள்கிறது. எஃப் மேஜரில் அந்த இடத்தில் வருவது ஏ ஸ்வரம். தனியாகப் பயிற்சி செய்யும்போது அது இனிமையாக இருக்கும். பியானோ சேர்ந்ததும் தாழ்ந்து கேட்கும். ஏ வரும் ஒவ்வொரு இடத்தையும் திறந்த ஏ தந்தியோடு ஒப்பிட்டுப் பழகுங்கள். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவைக் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அங்கே பியானோ இல்லாததால் இந்தச் சிக்கலும் இல்லை.

வில்: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

வயலின் வில் ஏறத்தாழ 60 கிராம், வயோலா வில் ஏறத்தாழ 70 கிராம். தந்திகளும் தடிமன். வயலினிலிருந்து வருபவர்கள் வில்லை வேகமாக, லேசாக இழுப்பார்கள். ஸி, ஜி தந்திகள் அதற்குப் பதில் சொல்லாமல் காற்றுச் சத்தம் மட்டும் எழுப்பும். வயோலாவுக்கு வில் மெதுவாகப் போக வேண்டும், கையின் எடை தந்திக்குள் இறங்க வேண்டும். விரலால் அழுத்தினால் கரகரக்கும். முழங்கையையும் தோளையும் தளரவிட்டு, கை தன் பாரத்தாலேயே தொங்குவதாக நினைத்து இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் முதல் ஐந்து நிமிடம் திறந்த ஜி தந்தியில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வில். தொடக்கம், நடு, நுனி மூன்றிலும் ஒலி ஒரே கனத்தில் இருக்கும் வரை பாட்டுக்குள் போக வேண்டாம்.

இனி சொற்கள். முதல் வரியை ஸ்பானிய மொழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள்:

எஸ்–த்ரெ–யீ–த்தா தெல் லெ–ஹா–னோ ஸியெ–லோ.

பத்து அசைகள். பேசும்போது அழுத்தம் விழுவது ‘யீ’, ‘ஹா’, ‘ஸியெ’ ஆகிய மூன்றில். முதல் அசையான ‘எஸ்’ஸில் அழுத்தம் இல்லை. புதிதாக வாசிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் ஸ்வரத்தைக் குத்தித் தொடங்குவார்கள். அது தவறு. வில் தந்தியில் ஏற்கெனவே அமர்ந்திருக்க, சத்தமில்லாமல் கிளம்பி ‘யீ’யை நோக்கி நகர வேண்டும். பிரதியில் ஒவ்வொரு ஸ்வரத்தின் கீழும் அதன் அசையை எழுதி, அழுத்த அசைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். எடை அங்கேதான்.

வரிகள் முடியும் விதத்தைப் பாருங்கள். முதல் வரி ‘ஸியெலோ’ என்று அழுத்தமில்லாத அசையில் தளர்ந்து முடிகிறது. அடுத்து வரும் ‘தொலோர்’, ‘ஸுஃப்ரீர்’ இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில். வலி, துயரம் என்ற சொற்கள் அவை. ‘கொஞ்சமாவது’ என்று கேட்கும் ‘போக்கோ’ மறுபடி தளர்வு. வாழ்வதைச் சொல்லும் ‘விவீர்’ மறுபடி அழுத்தம். தளர்ந்து முடியும் வரியில் கடைசி ஸ்வரத்தை வில்லின் எடையை எடுத்துவிட்டுக் கரையவிடுங்கள். அழுத்தத்தில் முடியும் வரியில் வில் கடைசி வரை தந்தியைப் பிடித்திருக்க வேண்டும். ஒலி குறையலாம், பிடி விடக்கூடாது. இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாகச் செய்தாலே, ஸ்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் யாரோ பேசுவது கேட்கும். எல்லா வரியையும் ஒரே மாதிரி மெலியவிட்டு முடிப்பதுதான் இந்தப் பாட்டை இனிப்பான பின்னணி இசையாக்கிவிடுகிறது.

வில் திருப்பம் சொல்லின் நடுவில் வரக்கூடாது. ‘லெஹானோ’வைப் பாதியில் அறுத்தால் காதில் உறுத்தும். ஒரே வில்லில் அடங்காவிட்டால் ‘தெல்’லுக்கு முன் திருப்புங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் உண்மையிலேயே மூச்சு வாங்கி, வில்லைத் தூக்கி, திரும்ப வையுங்கள்.

இடது கை

வயோலாவில் வைப்ராட்டோ (விரலை ஆட்டி ஸ்வரத்தை அதிரவைப்பது) வயலினைவிடச் சற்று மெதுவாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். தடித்த தந்தியில் வேகமான நடுக்கம் பதற்றமாகக் கேட்கும். எல்லா ஸ்வரத்துக்கும் அது வேண்டாம். நீண்ட ஸ்வரத்தை ஆடாமல் தொடங்கி, பாதியில் மெல்ல உயிர் கொடுத்துப் பாருங்கள்.

கமகம் பழகிய கைக்கு இங்கே ஒரு கட்டுப்பாடு தேவை. கமகத்தில் ஸ்வரம் பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத்தான் தன் உருவத்தைப் பெறுகிறது. இந்தப் பாட்டில் ஸ்வரம் தன் இடத்தில் நிற்க வேண்டும்; கீழே பியானோவின் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கட்டு) அந்த இடத்தை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜாரு மாதிரியான சறுக்கலுக்கு இடம் உண்டு, ஆனால் பாட்டு முழுவதற்கும் இரண்டு அல்லது மூன்று இடங்களில்தான். எங்கே என்பதைப் பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள்: குரல் தானாக இழுபடும் இடத்தில் மட்டும் விரலும் சறுக்கலாம்.

பியானோ கலைஞரோடு

பியானோவைப் ‘பக்கவாத்தியம்’ என்று நினைத்துப் போகாதீர்கள். போன்ஸேவே நல்ல பியானோ கலைஞர்; மெக்சிகோ இசையமைப்பாளர் கார்லோஸ் சாவேஸ் இளமையில் அவரிடம்தான் பியானோ படித்தார். மெட்டு எளிமையாகப் போகும்போது, அதன் நிறத்தை மாற்றுவது கீழே நகரும் ஸ்வரக்கட்டுகள்தான். உங்கள் கையில் ஒரு நீண்ட ஸ்வரம் மாறாமல் இருக்கும்போது பியானோவில் கார்டு மாறுகிறது. அந்தக் கணத்தில் உங்கள் ஸ்வரத்தின் பொருளும் மாறுகிறது. அது உங்கள் காதில் விழ வேண்டும். விழுந்தால் வில் தானே பதில் சொல்லும்.

நல்ல பியானோ கலைஞர் எங்கே கிடைப்பார்? தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடுபவரின் மூச்சைப் பின்தொடர்ந்து பழகியவர்கள். இந்தப் பாட்டுக்கு வேண்டிய திறமை அதுதான். பெரிய கச்சேரிப் பியானோவே வேண்டும் என்பதில்லை, எடையுள்ள கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ போதும்.

ஒத்திகையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வயோலாவைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு நீங்கள் பாடுங்கள். குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வாசிக்கட்டும். எங்கே காத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு இப்போதே தெரிந்துவிடும். அடுத்து, பியானோவில் இடது கையின் பாஸ் ஸ்வரங்களை மட்டும் வாசிக்கச் சொல்லி, அதன் மேல் நீங்கள் வயோலா வாசியுங்கள். இதைப் பொறுமையாகப் பல முறை செய்யுங்கள். சுருதிப் பிழைகள் முக்கால்வாசி இங்கேயே தீர்ந்துவிடும், சொற்றொடர் எங்கே போகிறது என்பதும் தெளிவாகும். மூன்றாவதாகத்தான் முழுப் பியானோ.

ஒலி அளவில் வயோலாதான் பலவீனமான பக்கம். பியானோவின் நடுப்பகுதியும் வயோலாவின் குரலும் ஒரே உயரத்தில் ஒலிப்பதால், நீங்கள் கீழ் எட்டில் வாசித்தால் எளிதாக மூழ்கிவிடுவீர்கள். பியானோவின் மூடியை முழுதாக மூடிவிடுவது பலர் செய்யும் வழி. ஒலி மந்தமாகிவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டைக் கம்பில் மூடியைத் திறந்து வைத்து, நடுக் கார்டுகளை மிக மென்மையாகவும் பாஸைச் சற்றுத் தெளிவாகவும் வாசிக்கச் சொல்லுங்கள். பெடல் கார்டு மாறும்போதெல்லாம் மாற வேண்டும். கலங்கிய பெடலில் முதலில் காணாமல் போவது வயோலாதான். நிற்கும்போது எஃப் வடிவத் துளைகள் கேட்பவர்கள் பக்கம் திரும்பியிருக்கட்டும். ஒருவரை அறையின் கடைசியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்; வாசிப்பவர் காதில் விழும் அளவு வேறு, அங்கே போய்ச் சேரும் அளவு வேறு.

பதிவு செய்த பியானோவோடு வாசிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சுருதி பழக அது உதவும். அதற்கு மேல் வேண்டாம். பதிவு உங்களுக்காகக் காத்திருக்காது; நீங்கள் அதன் பின்னால் ஓடப் பழகிவிடுவீர்கள்.

காலப்பிரமாணம்

ஏக்கப் பாட்டு என்பதால் மிக மெதுவாக வாசிக்கத் தோன்றும். பாடிப் பாருங்கள்: ஒரு வரி ஒரே மூச்சில் வரவில்லை என்றால் வேகம் போதாது. ரூபாட்டோ (காலத்தை இழுத்தும் விட்டும் வாசிப்பது) உண்டு, நிறையவே உண்டு. ஆனால் உச்சியில் நின்று எடுத்துக்கொண்ட நேரத்தை இறங்கும்போது கொஞ்சம் முன்னே நகர்ந்து திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுப்பகுதியைச் சற்றுத் தள்ளி முன்னே கொண்டுபோங்கள். அப்போதுதான் ‘இறங்கி வா’ திரும்பும்போது தயங்குவதற்கு இடம் இருக்கும். மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவியை ஸ்வரங்களைக் கற்கும் நாட்களில் மட்டும் வைத்துக்கொண்டு பிறகு எடுத்துவிடுங்கள்.

எவ்வளவு காலம்

நாளொன்றுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் ஒரு மாதம் போதும். முதல் வாரம் முழுவதும் கேட்பது, எழுதுவது, பாடுவது, திறந்த தந்தி. இரண்டாம் வாரம் வரி வரியாக வில்லும் சொல்லும். மூன்றாம் வாரத்தில் பியானோவின் பாஸோடு சேருங்கள். நான்காம் வாரம் முழுப் பாட்டையும் நிறுத்தாமல் வாசித்து, கைப்பேசியில் பதிவு செய்து, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்கும்போது இரண்டே கேள்விகள்: ‘தொலோர்’ முடிவும் ‘ஸியெலோ’ முடிவும் வேறுவேறாக ஒலிக்கின்றனவா? வில் திரும்பிய இடம் தெரிகிறதா? மற்ற பிழைகளை அடுத்த பதிவில் பார்க்கலாம்.

இது கைக்கு வந்தபின் போன்ஸேவிடமே இன்னும் கொஞ்சம் தங்கலாம். வயலின் கலைஞர் ஹென்ரிக் ஷெரிங்குக்காக எழுதி 1943இல் அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியில் அவர் இந்த மெட்டை மறுபடி எடுத்துக்கொள்கிறார்; முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மெட்டை அவர் எப்படிக் கேட்டார் என்று பாருங்கள். வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், வயலினுக்கும் வயோலாவுக்குமாக அவர் எழுதிய ‘சொனாத்தா ஆ தூஓ’வின் பிரதியைத் தேடி எடுங்கள். அது இதைவிடப் பல படி கடினம். மெதுவான பகுதியிலிருந்து தொடங்குங்கள்.